வினாத்தாளிலிருந்து புள்ளிப்பட்டியல் வரை: போனையும் கணினியையும் வைத்து ஒப்படை கொடுத்துத் திருத்தும் முழு வழிகாட்டி

திருகோணமலை நகரில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் யாராவது இணையத்தில் பரீட்சை வைக்க உதவும் கூகுள் போர்மோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் நான்தான் பக்கத்தில் போய் உட்காருவேன். கருவிகளைப் பழக யாருக்கும் அரைமணி நேரத்துக்கு மேல் எடுப்பதில்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை பிழைத்துப்போனால், இரண்டாவது ஒப்படையோடு "பேப்பரும் சிவப்புப் பேனையும் போதும்" என்று திரும்பிவிடுகிறார்கள். அதனால் இங்கே வரிசையைத்தான் சொல்லப்போகிறேன்.

உதாரணத்துக்குத் தரம் 10 'நேர்கோட்டு இயக்கம்' அலகில் ஒரு சிறு பரீட்சையை எடுத்துக்கொள்வோம். 20 பல்தேர்வு வினாக்கள், 2 அமைப்புக் கட்டுரை வினாக்கள். வரலாறு, தமிழ், வணிகக் கல்வி படிப்பிப்பவர்களும் இதே படிகளில் போகலாம்.

1. பிள்ளைகளின் வீட்டுப் போனைப் பற்றி முதலில் கேளுங்கள்

எந்தச் செயலியையும் திறக்க முன்னர் அரைத் தாள் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நான்கு கேள்விகள் போதும். வீட்டில் இருக்கும் போன் யாருடையது? எந்த நேரத்தில் அது வீட்டில் இருக்கும்? எந்த மாதிரி டேட்டா போடுவீர்கள்? அந்தப் போனில் இருக்கும் ஜிமெயில் யாருடையது?

கைதூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். போன் இல்லாத பிள்ளை எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லாது. தாளில் என்றால் எழுதும்.

இதைக் கேட்காமல் தொடங்கிய காலத்தில், ஒரு பரீட்சைக்கு மாலை 6 மணி தொடக்கம் 8 மணி வரை என்று நேரம் வைத்தேன். மறுநாள் காலை சல்லியில் இருந்து வரும் மாணவி ஒருத்தி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "போன் அப்பாவோட கடலுக்குப் போயிட்டுது ரீச்சர்" என்றாள். கையில் கொப்பித் தாள் ஒன்று. கேள்விகளைத் தோழியிடம் கேட்டு, 20 விடையையும் இலக்கம் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பட்டியலில் அவளுக்கு நேரே இருந்தது பூச்சியம். அன்றிலிருந்து என்னுடைய ஒப்படைகள் வெள்ளி பிற்பகல் திறந்து ஞாயிறு இரவு 9 மணிக்குத்தான் மூடும்.

டேட்டாவைப் பற்றிக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சில வீடுகளில் சமூக ஊடகப் பொதி மட்டும்தான் போடுவார்கள். அதில் வட்ஸ்அப் ஓடும், ஆனால் நீங்கள் அனுப்பும் போர்ம் லிங்க் திறக்காது. "லிங்க் வேலை செய்யவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் நல்ல பங்கு இதுதான்.

தாள்களைச் சேர்த்ததும் வகுப்பை மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போதும் போன் உள்ளவர்கள், குறித்த நேரத்தில் மட்டும் கிடைப்பவர்கள், போனே இல்லாதவர்கள். மூன்றாவது வரிசையில் நாலைந்து பேருக்கு மேல் இருந்தால் வீட்டுப் போனை நம்பிப் புள்ளிக்குரிய பரீட்சை வைக்காதீர்கள். நேரே 7ஆம் பகுதிக்குப் போய்விடலாம்.

2. உங்கள் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டியவை

வேலைக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு. இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் கிடைக்கும். அதை ஜிமெயிலும் ட்ரைவும் போட்டோஸும் பங்கிட்டுக்கொள்ளும். பிள்ளைகளின் விடைத்தாள்கள் உங்கள் குடும்பப் படங்களோடு கலந்தால் ஒரு தவணைக்குள் இடம் நிரம்பிவிடும்.

பெயர்ப்பட்டியல் ஒன்று, கூகுளின் அட்டவணைச் செயலியான ஷீட்ஸில். முதல் நிரலில் சேர்விலக்கம், இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் பிரிவு. சேர்விலக்க நிரலை 'வெறும் எழுத்து' வடிவத்துக்கு மாற்றிய பிறகு தட்டச்சுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் 0457 என்று அடித்ததை ஷீட்ஸ் 457 ஆக்கிவிடும். பிறகு எதோடும் பொருந்தாது.

தமிழ் ஒருங்குறியில் (யூனிகோட், எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்துமுறை) தட்டச்சுச் செய்ய ஒரு விசைப்பலகை. போனில் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்ட் போதும்.

13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தானாகக் கூகுள் கணக்குத் திறக்க முடியாது. ஆரம்பப் பிரிவுக்காரர்கள் தாய் தந்தையின் கணக்கோடுதான் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதை முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. புள்ளித்திட்டத்தை எழுதிவிட்டுத்தான் கணினியைத் திறக்க வேண்டும்

இந்தப் படியைத்தான் எல்லோரும் பாய்ந்து தாண்டுகிறார்கள். போர்மைத் திறந்து, கேள்வியை யோசித்துக்கொண்டே தட்டச்சுச் செய்து, விடைகளைக் கடைசியில் போடுகிறார்கள். பிறகு ஒரு வினாவுக்கு இரண்டு விடை சரியாக வருகிறது, அல்லது ஒன்றுமே சரியாக வருவதில்லை.

தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் எந்தக் கற்றற்பேற்றை (பிள்ளை கற்றிருக்க வேண்டியதை) சோதிக்கிறது, சரியான விடை எது, பிழையான ஒவ்வொரு தெரிவும் ஏன் அங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். கற்றற்பேறுகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் எடுக்கலாம்.

பிழையான தெரிவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வினாவைப் பாருங்கள்:

ஓய்விலிருந்து புறப்பட்ட வாகனம் ஒன்று சீராக ஆர்முடுகி, 4 செக்கனில் செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தை அடைகிறது. அதன் ஆர்முடுகல் எவ்வளவு?

சரியான எண் 3. மற்ற மூன்று தெரிவுகளாகப் பலரும் 2, 5, 6 என்று கைக்கு வந்ததைப் போடுவார்கள். நான் 48, 8, 16 என்று போடுவேன். 48ஐத் தெரிந்த பிள்ளை பிரிக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறது. 8ஐத் தெரிந்த பிள்ளை கழித்திருக்கிறது. 16 என்றால் கூட்டியிருக்கிறது; அந்தப் பிள்ளைக்கு ஆர்முடுகல் என்றால் என்னவென்றே இன்னும் பிடிபடவில்லை. 5ஐத் தெரிந்த பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. கணினி எண்ணிக்கையை மட்டும்தான் தரும். அந்த எண்ணிக்கை உங்களுக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் தெரிவுகளை இப்படி அமைத்திருக்க வேண்டும்.

அமைப்புக் கட்டுரை வினாக்களுக்கும் புள்ளிகளை உடைத்து எழுதுங்கள். 5 புள்ளிக் கணக்கு என்றால் சூத்திரம் 1, பிரதியீடு 2, விடை 1, அலகு 1. பிரதியீடு சரியாக இருந்து கூட்டல் பிழைத்தால் எத்தனை கொடுப்பீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 38ஆவது தாளில் களைத்துப்போன நேரத்தில் அதை முடிவு செய்யக் கூடாது.

4. எந்தப் பகுதிக்கு எந்தக் கருவி

புள்ளித்திட்டம் கையில் இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. பல்தேர்வு, பிள்ளைகளுக்குப் போன் உண்டு: கூகுள் போர்ம். பல்தேர்வு, போன் இல்லை: சிப்கிரேட் (தாளில் நிரப்பிய வட்டங்களை ஆசிரியரின் போன் கமராவால் திருத்தும் செயலி). எழுதும் விடைகள்: கொப்பியில் எழுதி, ஸ்கேன் செய்து, ஒப்படைகளை வாங்கித் திருத்தித் திருப்பும் கூகுள் கிளாஸ்ரூம். எல்லாப் புள்ளிகளும் வந்து சேருமிடம்: கூகுள் ஷீட்ஸ்.

இந்த நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதியவர்கள் ஒரே வாரத்தில் கஹூட், பிளிக்கர்ஸ் போன்ற வினாடி வினாச் செயலிகள் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, புள்ளிகளை ஐந்து இடத்தில் தேடுகிறார்கள். கஹூட் வகுப்பைக் கலகலப்பாக்க நல்லது. ஆனால் வேகத்துக்கும் அதில் புள்ளி இருப்பதால் தவணைப் புள்ளிக்கு நான் பயன்படுத்துவதில்லை.

5. வினாக்களை ஒருங்குறியில் தட்டச்சுச் செய்தல்

எங்கள் பாடசாலைகளில் பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே பிரதி எடுத்துப் போர்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சேர்ந்த குப்பையாகத்தான் தெரியும். பாமினியில் எழுத்துருவை மாற்றினால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். பாமினி இல்லாத பிள்ளையின் போன் அதைத்தான் காட்டும்.

இணையத்தில் பாமினி-ஒருங்குறி மாற்றிகள் இலவசமாக உண்டு. ஒட்டுங்கள், மாற்றுங்கள், அப்புறம் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். எண்கள், அடைப்புக்குறிகள், இடையில் வந்த ஆங்கிலக் குறியீடுகள் ஆகியவற்றில்தான் பிழை ஒளிந்திருக்கும். விசையின் குறியீடாக வந்த ஆங்கில எழுத்து மாற்றிக்குள் போய்த் தமிழ் எழுத்தாக வெளியே வந்துவிடும்.

வினாக்களை ஆக்க ஜெமினி, சட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்பவர்களும் இப்போது கூடிவிட்டார்கள். வரைவு எடுக்க உதவும்தான். ஆனால் அவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்களில் எழுதும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒளித்தொகுப்பு. அது ஒளிச்சேர்க்கை என்று எழுதும். மூலகம் தனிமமாகும், அமுக்கம் அழுத்தமாகும், ஆர்முடுகல் முடுக்கமாகும். இவையாவது கண்ணில் படும். ஆபத்தானது 'வேகம்' என்ற சொல். எங்கள் பாடநூலில் கதி ஒன்று, வேகம் இன்னொன்று. வேகத்துக்குத் திசை உண்டு. அங்கே 'வேகம்' என்பது எங்கள் கதி. எங்கள் வேகத்துக்கு அவர்கள் 'திசைவேகம்' என்பார்கள். அதனால் வினா சரியாகத்தான் இருக்கிறது என்ற தோற்றத்தோடு விடை பிழைத்திருக்கும். பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பாருங்கள்.

சமன்பாடுகளையும் வரைபுகளையும் போர்மில் தட்டச்சுச் செய்ய மினக்கெடாதீர்கள். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் பெரிதாக வரைந்து, போனில் ஸ்கேன் செய்து, ஓரங்களை வெட்டிப் படமாகப் போடுங்கள். படத்தின் அளவைச் சிறிதாக்கிப் போட்டால் பிள்ளைகளின் டேட்டாவும் மிஞ்சும்.

6. கூகுள் போர்மில் பரீட்சை

முதலில் புதிய போர்மைத் திறந்து, செட்டிங்ஸில் 'வினாடி வினாவாக மாற்று' என்பதை இயக்குங்கள். வினாக்களைப் போட்ட பிறகு இதைச் செய்தால் ஒவ்வொரு வினாவுக்கும் திரும்பப் போய்ப் புள்ளி போட வேண்டும். முதலே செய்தால், ஒரு வினாவுக்கு இயல்பாக எத்தனை புள்ளி என்பதையும் அங்கேயே குறித்துவிடலாம்.

முதல் வினா எப்போதும் சேர்விலக்கமாக இருக்கட்டும். பெயரை மட்டும் கேட்டால் ஒரே பிள்ளை ஒருமுறை தமிழிலும் ஒருமுறை ஆங்கிலத்திலும் இன்னொருமுறை வீட்டுப் பெயரிலும் எழுதும். குறுவிடை வினாவாகப் போட்டு, 'பதில் சரிபார்ப்பு' என்பதில் எண் மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். இரண்டாவதாகப் பெயர். இலக்கம் பிழைத்தால் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இந்த இரண்டையும் 'கட்டாயம்' என்று குறிக்க வேண்டும். இரண்டுக்கும் புள்ளி பூச்சியம்.

அடுத்து, வினாவைப் போட்டவுடனேயே 'விடைக்குறிப்பு' என்பதைத் தொட்டுச் சரியான விடையைக் குறியுங்கள். 20 வினாவையும் போட்டுவிட்டுக் கடைசியில் குறிப்போம் என்று விட்டால் ஒன்றாவது தப்பும். விடைக்குறிப்பில்லாத வினாவுக்கு யாருக்கும் புள்ளி விழாது. அதை ஒரு பிள்ளை வந்து சொன்ன பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

வினா வகையில் கவனம் வேண்டும். ஒரு விடை மட்டும் சரி என்றால் வட்டக் குறி உள்ள பல்தேர்வு. பல விடைகளுக்குச் சதுரப் பெட்டி வகை இருக்கிறது. ஆனால் அதில் சரியான மூன்றில் இரண்டைத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் புள்ளி போடாது, பூச்சியம்தான் போடும். குறுவிடையைத் தானாகத் திருத்த விடுவதும் இப்படித்தான். 'ஒளித்தொகுப்பு' என்று நீங்கள் குறித்திருக்க, பிள்ளை நடுவில் ஒரு இடைவெளி விட்டால் பிழையாகிவிடும். குறுவிடை வைத்தே ஆகவேண்டுமென்றால் வரக்கூடிய எல்லா எழுத்துவடிவங்களையும் சரியான விடைகளாகச் சேர்த்துவிட்டு, பிறகும் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

இப்போது செட்டிங்ஸுக்குத் திரும்புவோம். பிள்ளைக்கு என்ன தெரிய வேண்டும் என்று மூன்று தெரிவுகள் இருக்கும்: தவறவிட்ட வினாக்கள், சரியான விடைகள், புள்ளிகள். மூன்றையும் நிறுத்தி வையுங்கள். நிறுத்தாவிட்டால் முதலில் முடிக்கும் பிள்ளை சரியான விடைகளை அப்படியே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடும். பிள்ளையில் குற்றமில்லை, நாங்கள்தான் விடையைக் கையில் கொடுத்திருக்கிறோம்.

'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதைப் பலர் நல்லதென்று நினைத்து இயக்குகிறார்கள். அதை இயக்கினால் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆகவேண்டும். அம்மாவின் போனில் அம்மாவின் கணக்கு மட்டும் இருக்கும். அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பு, அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே போனில்தான் எழுதும் என்றால், முதலாவது பிள்ளை அனுப்பியதும் இரண்டாவது பிள்ளைக்குக் கதவு சாத்தப்படும். நிறுத்தியே வையுங்கள். ஒரே சேர்விலக்கம் இரண்டு முறை வந்தால் நேரத்தைப் பார்த்து முதல் பதிலை எடுங்கள், அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வினாக்களின் ஒழுங்கைக் கலைப்பதற்கும் தெரிவுகளின் ஒழுங்கைக் கலைப்பதற்கும் வசதி உண்டு. வினா ஒழுங்கைக் கலைத்தால் சேர்விலக்கமும் பெயரும் நடுவில் எங்கேயோ போய்விடும். அதனால் அந்த இரண்டையும் தனிப் பகுதியாகப் பிரித்துவிடுங்கள். 'மேற்கூறிய யாவும்' என்ற தெரிவுள்ள வினாவில் தெரிவுகளைக் கலைக்கவே கூடாது.

அனுப்ப முன்னர் லிங்கை உங்கள் போனில் மறைநிலைத் தாவலில் திறந்து, பிள்ளையாக இருந்து முழுப் பரீட்சையையும் எழுதுங்கள். கணினியில் அழகாகத் தெரிந்த வரைபு போனில் வாசிக்க முடியாதபடி இருக்கும். உங்கள் கணக்கில் திறந்து பார்த்தால் உள்நுழையச் சொல்லித் தடுப்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். எழுதிப் பார்த்த பதிலை அழித்துவிட்டு லிங்கை அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு தெரிவுகளின் சொற்களைத் திருத்த வேண்டாம். ஏற்கெனவே வந்த பதில்கள் பழைய சொற்களோடே நிற்கும், புதிய விடைக்குறிப்போடு ஒட்டாது. பிழை தெரியவந்தால் அந்த வினாவை எல்லோருக்கும் விட்டுவிடுவதுதான் நியாயம்.

7. போன் இல்லாத வகுப்புக்கு: சிப்கிரேட்

போன் ஆசிரியரிடம் மட்டும் இருந்தால் போதும். பிள்ளைகள் தாளில் வட்டங்களை நிரப்புவார்கள், நீங்கள் ஒவ்வொரு தாளையும் போன் கமராவுக்குக் காட்டினால் ஒரு நொடியில் புள்ளி விழும். திருத்தும் நேரத்தில் இணையம் தேவையில்லை. மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் போய்வரும் எங்கள் ஊருக்கு இது பெரிய ஆறுதல். இலவசக் கணக்கில் மாதத்துக்கு 100 தாள் திருத்தலாம். 40 பேர் உள்ள இரண்டு வகுப்புக்கு ஒவ்வொரு பரீட்சை.

செய்யும் ஒழுங்கு இது. செயலியில் வகுப்பை உருவாக்கிப் பிள்ளைகளை இலக்கத்தோடு சேருங்கள். பிறகு பரீட்சையை உருவாக்கி விடைக்குறிப்பைப் பதியுங்கள். விடைத்தாள் 20, 50, 100 வினாக்களுக்கென்று தனித்தனியாக இருக்கும். எங்கள் பரீட்சைக்கு 20 போதும். சாதாரண தர மாதிரியில் 40 வினா வைத்தால் 50இன் தாளை எடுங்கள்.

அச்செடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்று கொடுக்காமல் 100 வீதத்தில் எடுங்கள். தாளின் மூலைகளில் இருக்கும் கறுப்புச் சதுரங்களை வைத்துத்தான் செயலி தாளை அடையாளம் காணும். போட்டோக்கொப்பியில் ஒரு மூலை மங்கினாலோ வெட்டுப்பட்டாலோ தாள் வாசிக்கப்படாது. முதல் பிரதியைக் கடையிலேயே ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு மிச்சத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் இரண்டு விடயங்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். ஒன்று, எங்கள் வினாத்தாளில் தெரிவுகள் 1, 2, 3, 4. இந்தத் தாளில் ஆங்கில எழுத்துகள். முதலாவது ஏ, இரண்டாவது பி என்று எழுதிப் போடுங்கள், இல்லாவிட்டால் வினாத்தாளிலேயே ஏ, பி, சி, டி என்று மாற்றுங்கள். மற்றது இன்னும் முக்கியம். எங்கள் பிள்ளைகள் பரீட்சை விடைத்தாளில் புள்ளடி (பெருக்கல் குறி) போட்டுப் பழகியவர்கள். சிப்கிரேட்டுக்கு வட்டம் முழுதாக நிரம்ப வேண்டும். முதல்முறை செய்தபோது என் வகுப்பில் ஒன்பது தாளில் புள்ளடி. சிலவற்றைச் செயலி வாசித்தது, சிலவற்றை வெற்று என்று விட்டுவிட்டது. அந்த ஒன்பதையும் கையால்தான் திருத்தினேன்.

இலக்கப் பகுதியைப் பிழையாக நிரப்பிய தாள் யாருடையது என்று தெரியாமல் தனியாக நிற்கும். அதனால் பெயரையும் கையால் எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்யும்போது தாளை மேசையில் தட்டையாக வைத்து, உங்கள் நிழலும் மின்விசிறியின் நிழலும் விழாத இடமாகப் பாருங்கள். ஜன்னலோரம்தான் எனக்கு எப்போதும் சரிவரும்.

8. எழுதும் விடைகள்: கொப்பி, ஸ்கேன், கிளாஸ்ரூம்

அமைப்புக் கட்டுரை விடைகளைப் போனில் தட்டச்சுச் செய்யச் சொல்லாதீர்கள். பரீட்சையில் கையால்தான் எழுதப்போகிறார்கள். வரைபும் கணக்கும் கையில்தான் வரும்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 37 பிள்ளைகள், ஆளுக்கு 4 பக்கம், மொத்தம் 148 படங்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால் பென்சிலில் எழுதியது மங்கலாக வரும். ஆகவே முதலில் பிள்ளைகளுக்கு ஸ்கேன் செய்யப் பழக்குங்கள். ஆன்ட்ரொய்ட் போனில் கூகுள் ட்ரைவ் செயலியைத் திறந்து ஸ்கேன் என்பதைத் தொட்டால் பக்கங்களை வரிசையாகப் பிடித்து ஒரே பிடிஎப் ஆக்கிவிடும். கோப்பின் பெயர் சேர்விலக்கம். இதற்கு ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள், அந்த நேரம் வீண்போகாது.

கிளாஸ்ரூமில் வகுப்பைத் திறந்து குறியீட்டைக் கொடுங்கள். ஒப்படையை உருவாக்கும்போது மொத்தப் புள்ளி, முடிவு நேரம், வினாத்தாள் பிடிஎப், இவற்றோடு புள்ளி எப்படிப் பிரியும் என்பதையும் எழுதுங்கள். அலகுக்கு 1 புள்ளி உண்டென்று தெரிந்த பிள்ளை அலகு எழுதும்.

கிளாஸ்ரூமில் சேர முடியாத பிள்ளைகள் பிடிஎப்பை வட்ஸ்அப்பில் 'ஆவணம்' ஆக அனுப்பட்டும். போனே இல்லாதவர் கொப்பியைத் தரட்டும். மூன்று வழியில் வந்தாலும் புள்ளித்திட்டம் ஒன்றுதான்.

திருத்தும்போது பிள்ளை பிள்ளையாகப் போகாமல் வினா வினாவாகப் போங்கள். 37 பேரின் முதல் வினாவை முடித்துவிட்டு இரண்டாவதற்கு வந்தால், முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் ஒரே கை விழும். போர்மில் எழுத்து விடை வைத்திருந்தாலும் பதில்கள் பக்கத்தில் 'வினா' என்ற தாவலில் இப்படியே செய்யலாம். கிளாஸ்ரூம் செயலியில் பிடிஎப்பின் மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டவும் வசதி இருக்கிறது.

ஒரே குறிப்பைத் திரும்பத் திரும்பத் தட்டச்சுச் செய்து விரல் நோகும். அடிக்கடி வரும் பிழைகளுக்கு ஏழெட்டு வசனங்களைத் தயாராக எழுதி வைத்து ஒட்டுங்கள். "வேக-நேர வரைபின் கீழுள்ள பரப்பளவுதான் இடப்பெயர்ச்சி. நீ எடுத்தது சாய்வு. பகுதி 'ஆ'வைத் திரும்பச் செய்." இப்படி, பிள்ளை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் வசனம் முடிய வேண்டும். 'கவனம் தேவை' என்று எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

9. புள்ளிகளை ஒரே தாளுக்குக் கொண்டுவருதல்

போர்மின் பதில்களை ஷீட்ஸோடு இணைக்கலாம். சிப்கிரேட்டிலிருந்து கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். இரண்டையும் பெயர்ப்பட்டியல் உள்ள அதே ஷீட்டில் தனித்தனித் தாவல்களில் வையுங்கள். எல்லாத் தாவலிலும் சேர்விலக்க நிரல் ஒரே 'வெறும் எழுத்து' வடிவத்தில் இருந்தால், பிரதான தாவலுக்குச் சேர்விலக்கத்தை வைத்துப் புள்ளியை இழுக்க 'வீலுக்கப்' என்ற சூத்திரம் போதும். பெயரை வைத்து இழுக்கப் போகாதீர்கள். ஒரு இடைவெளி கூடினாலும் பொருந்தாது.

வராத பிள்ளைக்குப் பூச்சியம் போட வேண்டாம், 'வ' என்று எழுதுங்கள். சராசரி எடுக்கும்போது ஷீட்ஸ் எழுத்தை விட்டுவிடும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும். காய்ச்சலில் கிடந்த நான்கு பிள்ளைகளின் பூச்சியத்தால் வகுப்புச் சராசரி விழுந்து, அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

பகிரும்போது 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று விட்டுவிடாதீர்கள். சக ஆசிரியருக்கு அவருடைய மின்னஞ்சலைப் போட்டு, 'பார்க்க மட்டும்' என்று கொடுங்கள்.

10. திருப்பிக் கொடுத்தல்

கிளாஸ்ரூமில் புள்ளியைப் பதிந்தால் மட்டும் பிள்ளைக்குத் தெரியாது. 'திருப்பிக் கொடு' என்பதைத் தொட வேண்டும். "நான் திருத்தி ஒரு கிழமை, பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்" என்று வந்த ஆசிரியர்கள் பலர். எல்லாத் தாளும் முடிந்த பிறகு எல்லோருக்கும் ஒன்றாகத் திருப்புங்கள்.

பெயரும் புள்ளியும் உள்ள பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்தக் குழுவில் தாய்மாரும் சித்தப்பாமாரும் இருக்கிறார்கள். 23 எடுத்த பிள்ளைக்கு அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. தனித்தனியாக அனுப்புங்கள், அல்லது துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

அடுத்த பாடத்துக்குப் போக முன்னர் போர்மின் பதில்கள் பக்கத்தில் 'அடிக்கடி தவறவிடப்பட்ட வினாக்கள்' என்பதைத் திறங்கள். சிப்கிரேட்டிலும் வினாவாரியான பகுப்பாய்வு உண்டு. அதிகம் பேர் பிழைத்த இரண்டு வினாவை மட்டும் எடுத்து, எந்தப் பிழையான தெரிவுக்கு எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று உங்கள் புள்ளித்திட்டத் தாளில் குறியுங்கள். சென்ற தவணை ஆர்முடுகல் வினாவுக்கு என் வகுப்பில் 14 பேர் 48 என்று தெரிந்திருந்தார்கள். திங்கள் காலை கரும்பலகையில் 4 செக்கன்களையும் நான்கு கோடாகப் போட்டு, ஒவ்வொரு செக்கனுக்கும் வேகம் எவ்வளவு கூடியிருக்கும் என்று அந்த 14 பேரில் ஒருவனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். முதல் கோட்டில் 48 என்று எழுதினான். நான்காவது கோட்டைப் பார்த்தான், அங்கே வேகம் 12தான். சோக்கட்டியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு 48ஐ அழித்து 3 என்று எழுதினான்.